திங்கட்கிழமை கடித்த தேக்குப் பெட்டி

பளபளவென்று வார்னிஷ் அடித்த தேக்குப் பெட்டி எதைப் பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் குமட்டிக்கொண்டு வரும். சொன்னால் சிரிக்கிறார்கள். மரத்தைப் பார்த்து யாருக்காவது குமட்டுமா என்கிறார்கள். அவர்களுக்கென்ன தெரியும்? எண்பதுகளின் நடுவில், திருச்சி தில்லை நகரில், நானே அளவு சொல்லி, நானே பக்கத்தில் நின்று செய்யவைத்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டி, தரை துடைக்க வந்த ஒருத்தியைக் கொல்லப் பார்த்தது. பெட்டி தன்னைக் கடிக்கிறது என்று அவள் என்னிடம் மூன்று தடவை சொன்னாள். அந்த மூன்று தடவையும் நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். காட்டூரில் வீடு. எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்வார். மூக்கு அதைவிட நீளம் என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன். எந்த நாற்றமும் தாங்காது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் தலையில் தேய்த்திருப்பது இன்றைய எண்ணெயா நேற்றைய எண்ணெயா என்று சொல்லிவிடுவேன். கைக்குட்டை இல்லாமல் நான் வெளியே கிளம்பியதே கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த இடம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். கீழே டைப்ரைட்டிங், மாடியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வகுப்பு. நடத்தியவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். எல்லோரும் அவரைச் சார் என்றுதான் கூப்பிடுவோம். மெட்ராஸில் தெரிந்தவர் மூலமாகக் கம்ப்யூட்டரின் உள் சாமான்களை மட்டும் மலிவாக வாங்கி, வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கினார். போர்டு இருந்தது, கரண்ட் கொடுக்கும் இரும்பு டப்பா இருந்தது, டிஸ்க் போடும் டிரைவ் இருந்தது. மேல்கூடு இல்லை.

"கூடு என்னம்மா பெரிய கூடு? தகர டப்பாவுக்கு எவனாவது அவ்வளவு குடுப்பானா? நம்ம ஆசாரிகிட்ட சொல்லி தேக்குல பண்ணிடலாம். டி.வி.க்குப் பண்ற மாதிரி ஷட்டர் வெச்சு, பூட்டு வெச்சு, ஜம்முனு இருக்கும்" என்றார்.

அந்த நாட்களில் டெலிவிஷன் இருந்த வீடுகளில் அதற்கு மரப்பெட்டி செய்து, இழுத்து மூடும் கதவு வைத்து, மேலே லேஸ் துணி போட்டு, துணி மேல் பொம்மை வைத்திருப்பார்கள். சாருக்குக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே சூடு ஏறினால் போர்டு வெந்துபோகும் சார், மரம் தீப்பிடிக்கும் சார் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கடைசியில், "சரி, நீயே கூட நின்னு பண்ணவை" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

தச்சரின் பட்டறை ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடம் பக்கம் போகிற ஒரு சந்தில் இருந்தது. உள்ளே கால் வைத்ததுமே வஜ்ர நாற்றம். வஜ்ரம் என்றால் மரம் ஒட்டுகிற பசை. மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சிச் செய்வது. அதை ஒரு டப்பாவில் கொதிக்கவைத்துக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தார். சேசுவே, அந்த நாற்றம்! நான் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"வெள்ளைப் பசை டப்பாவுல வருதே, அதை வாங்கக் கூடாதா?" என்றேன்.

"அது நிக்காதுங்க மேடம். இதுல ஒட்டினா யானை இழுத்தாலும் வராது. நாத்தம் ரெண்டு மாசத்துல போயிடும்" என்றார் தச்சர்.

நான் நான்கு கட்டளை போட்டேன். நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பின்பக்கமும் அடியிலும் காற்றுப் போக வரிசையாக ஓட்டை வேண்டும். கரண்ட் டப்பாவுக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பெட்டியின் உள்பக்கம் முழுவதும் தகரம் அடித்து, அந்தத் தகரத்தில் பச்சை ஒயரை முறுக்கி, மூன்று பின் பிளக் வழியாக எர்த்துக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே எங்காவது ஒயர் நைந்து தகரத்தில் பட்டாலும், கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குள் போய்விடும், அந்த நொடியே ஃபியூஸும் போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். தச்சர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"ஓட்டை போட்டா பல்லி போகுமே மேடம்?"

"வலை அடிங்க."

"தேக்குக்குள்ள தகரமா? பட்டுப்புடவைக்கு உள்ளே கோணி கட்டுற மாதிரி இருக்குமே."

"இருக்கட்டும். அடிங்க."

சாரும் சும்மா இருக்கவில்லை. முன்பக்கம் தாமரை செதுக்கச் சொன்னார். மேலே பித்தளைக் கைப்பிடி வேண்டும் என்றார், கோயில் பல்லக்குக்குப் போடுகிற மாதிரி கனமாக. கைப்பிடியின் போல்ட் மரத்தைத் துளைத்து உள்ளே தகரத்தோடு சேர்ந்து இறுகியது. நானே பார்த்தேன். கைப்பிடிக்கும் எர்த் கிடைத்துவிட்டது, நல்லதுதான் என்று நானே தலையாட்டினேன்.

பெட்டி தில்லை நகர் வந்து சேர்ந்ததும் முதல் காரியமாகச் சுவரில் எர்த் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பல்பின் ஒரு ஒயரை கரண்ட் வருகிற ஓட்டையிலும் இன்னொன்றை எர்த் ஓட்டையிலும் செருகினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. கட்டடத்தின் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, முறையாகத்தான் எர்த் போட்டிருந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. இந்தத் திருச்சியில் இவ்வளவு பத்திரமாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி எவன் செய்திருப்பான் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். அந்தப் பல்பை அப்புறம் ரொம்ப நாள் நான் தொடவே இல்லை.

இப்போது அந்தப் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்கும் பின் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. கீழே டைப்ரைட்டிங் படிக்க வருகிற அத்தனை ஆண்பிள்ளைகளும் அந்தச் சந்தில்தான் ஒதுங்குவார்கள். கக்கூஸ் உண்டு. ஆனால் அதற்குச் சாவி வாங்க வேண்டும். சாவி வாங்க வெட்கப்படுகிறவனுக்குச் சுவரைப் பார்த்து நிற்க வெட்கமில்லை. சரியாக அந்த எர்த் குழிக்கு நேரேதான் எல்லோரும் நிற்பார்கள். அங்கே மண் எப்போதும் ஈரம். மத்தியான வெயிலில் ஆவியாகி எழும்பி, மாடியில் என் வகுப்பு ஜன்னல் வழியாக உள்ளே வரும். பெட்டியின் வஜ்ர நாற்றமும் அந்த மூத்திர நாற்றமும் கலந்து, சீ, அந்த அறையில் நான் பாதி நாள் சாப்பிடாமலே இருந்திருக்கிறேன்.

சாரை நச்சரிக்க ஆரம்பித்தேன். தினமும். "சார், அந்தச் சந்தை ஏதாவது பண்ணுங்க. இல்லேன்னா நான் வேலைக்கு வரலை."

விஜயதசமிக்குத் திறப்புவிழா என்று நாள் குறித்திருந்தார். அதற்குள் எல்லாம் சுத்தமாக வேண்டும் என்று அவருக்கும் பட்டது. கொத்தனாரை வரவழைத்து, நனைந்த மண்ணையெல்லாம் வெட்டி வெளியே கொட்டி, சந்து முழுவதும் சிமென்ட் தளம் போட்டார். சுவருக்கும் பூசி, யாரும் மறுபடி நிற்காமல் இருக்க ஆள்வைத்துச் சாமிப் படம் வரையச் சொன்னார். ஒரு பிள்ளையார், ஒரு பிறை, அப்புறம் எங்கள் மாதா. நீல முக்காடு போட்டு, கைகுவித்து, நேற்றுவரை என்ன ஓடிக்கொண்டிருந்ததோ அந்தச் சுவரில். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உங்க பெருமாளைக் காணோமே சார்?" என்றேன்.

"சீச்சீ! அந்த இடத்துலயா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கேலி செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்றம் நின்றுவிட்டது. அந்த நிம்மதியில் மாதாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டேன்.

திறப்புவிழா நடந்தது. பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, என் அருமை ஓட்டைகள் எல்லாவற்றையும் மறைத்து ரோஜா மாலை போட்டார்கள். நான் மாலையைத் தூக்கினேன், சார் மறுபடி போட்டார். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பு வரக்கூடாது என்று சட்டம் போட்டார். அது அப்போது எல்லாக் கம்ப்யூட்டர் அறைகளிலும் உண்டு. தூசி வரக்கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். சாருக்கு அது சன்னிதி. மாணவர்கள் வெறுங்காலோடு வந்து தேங்காய்நார்ப் பாய் மேல் உட்கார்ந்து தட்டுவார்கள். நாற்பது பேருடைய பாத வியர்வை அந்தப் பாயில் ஊறியிருக்கும். அதில் நானும் வெறுங்காலோடு நடப்பதா? முடியவே முடியாது என்றேன். அறைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள எனக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வைத்துக்கொண்டேன். சாரும் பார்த்தும் பாராதது மாதிரி இருந்துவிட்டார்.

தரை துடைக்க ஜீயபுரத்திலிருந்து ஒருத்தி முதல் பஸ்ஸில் வருவாள். என் வயதுதான். இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக்காரருக்கு வாழைத்தோட்டத்தில் கூலி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, வாளித் தண்ணீர் ஊற்றித் தரையை நன்றாகக் கழுவி, அதே துணியைப் பிழிந்து மேஜை, பெட்டி, கைப்பிடி எல்லாவற்றையும் துடைப்பாள். அந்தத் துணியின் ஊசல் வாடை எனக்கு ஆகாது. அவள் வேலை முடிக்கும்வரை நான் ஜன்னலோரம் கைக்குட்டையோடு நிற்பேன்.

திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். அவள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அந்தப் பொட்டி சுருக்குனு கடிக்குதுங்க."

"கிட்ட வராதே, அங்கேயே நின்னு சொல்லு. என்ன கடிக்குது?"

"பொட்டிதாங்க. விரல் நுனில எறும்பு கடிச்ச மாதிரி."

"ஈரக்கையால அதை எதுக்குத் தொடுறே? மரச்சிராய் ஏறியிருக்கும்" என்றேன். போய்விட்டாள்.

அடுத்த வாரம் மறுபடி சொன்னாள். அன்றைக்குச் சாரும் இருந்தார். "மெஷின் ஓடறதோன்னோ, கொஞ்சம் அதிர்வு இருக்கத்தான் செய்யும். நீ தொட்டுக் கும்பிட்டுட்டுத் துடை" என்றார். எனக்கே சகிக்கவில்லை. ஆனால் நானும் அவளைப் பார்த்து, "காஞ்ச துணியால துடைன்னா கேக்க மாட்டியா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டேன். மேஜை டிராயரில் டெஸ்டர் இருந்தது. எழுந்துபோய் எடுத்துக் கைப்பிடியில் வைத்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. அந்த ஈரத்தில், அந்தத் துணி வாடைக்குப் பக்கத்தில் போக வேண்டுமே என்றுதான் போகவில்லை. வேறு காரணமே கிடையாது.

மூன்றாம் தடவை அவள் தானாகவே யோசித்துக் கண்டுபிடித்து வந்து சொன்னாள்.

"டீச்சர், திங்கக்கெழமை மட்டுந்தாங்க கடிக்குது. மத்த நாள் ஒண்ணும் பண்றதில்ல."

நான் சிரித்துவிட்டேன். "மத்த நாளெல்லாம் பெட்டிக்கு விரதமா?" என்றேன். வகுப்புக்குச் சீக்கிரம் வந்திருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போய், வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

அவள் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. வகுப்பு ஒன்பது மணிக்கு. மற்ற நாட்களில் அவள் துடைத்து முடித்த பிறகுதான் கம்ப்யூட்டரைப் போடுவோம். திங்கட்கிழமை ஏழரைக்கெல்லாம் ராகுகாலம் ஆரம்பித்துவிடும். அதற்கு முன்னால் நான் வந்து சுவிட்சைப் போட்டாக வேண்டும் என்பது சாரின் கண்டிப்பான உத்தரவு. அதற்காக வாரா வாரம் அரைத் தூக்கத்தில் காட்டூரில் பஸ் ஏறி, அவரை மனசுக்குள் வைதுகொண்டே வருவேன். ஆக, கம்ப்யூட்டர் ஓடும்போதே தரையும் ஈரமாக இருக்கிற நாள் வாரத்தில் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் அங்கே ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறவள் அவள் ஒருத்திதான். மாணவர்களுக்குப் பாய். எனக்கு ரப்பர். டிப்ளமா வாங்கியவளுக்கு இது எட்டவில்லை, கைநாட்டுக்காரிக்கு எட்டியிருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை ஏழு இருபதுக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். அவள் தரையைக் கழுவிவிட்டு மேஜைக்கு வந்தாள். சத்தமே வரவில்லை. துணி சரசரக்கிற ஓசை நின்றதே என்று திரும்பினேன். வலது கை கைப்பிடியைப் பிடித்தபடி இருந்தது. உடம்பு விறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கண் என்னையே பார்த்தது. கூப்பிட வாய் வரவில்லை. "மாதாவே" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சைத் தட்டினேன். சுருண்டு தண்ணீரில் விழுந்தாள்.

மூச்சு இருந்தது. மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கன்னத்தைத் தட்டினேன். அந்த ஊசல் துணி என் புடவை மேல்தான் கிடந்தது. ஆட்டோ பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உள்ளங்கை வெந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்: "பொட்டி கீழ விழுந்துடுச்சுங்களா?"

திரும்பி வந்து பெட்டியைப் பிரித்தேன். ஒயர் நுழைகிற ஓட்டை வழியாகச் சுண்டெலி புகுந்திருந்தது. வஜ்ரத்தைச் சுரண்டித் தின்று, புழுக்கை போட்டு, போகிற போக்கில் கரண்ட் ஒயரின் மேல்தோலையும் கடித்து வைத்திருந்தது. செம்பு நேராகத் தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அப்படியானால் ஃபியூஸ் போயிருக்க வேண்டுமே? பல்பை எடுத்துவந்து மறுபடி சுவரில் செருகினேன். எரியவில்லை. முன்னால் அவளைக் கடித்தது, வழக்கமாக எர்த்துக்குப் போய்விடுகிற சின்னக் கசிவு. எலி கடித்த பிறகு முழுக் கரண்ட். இரண்டுக்குமே மண்ணுக்குப் போக வழி இல்லை. நான் அடித்த தகரம் பூராவும் பரவி, சார் கேட்ட கைப்பிடியில் ஏறி, ஈரத்தில் நிற்கிற ஒரு காலுக்காகக் காத்திருந்தது. வெறும் மரமாகவே விட்டிருந்தால்கூட அவளைத் தொட்டிருக்காது.

பின் சந்துக்குப் போனேன். சுவரோடு இறங்கி வந்த எர்த் கம்பி மாதாவின் பாதத்துக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டி மடக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே வழவழவென்று சிமென்ட். கொத்தனாரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். "மூத்திரத்துல ஊறித் துருப்பிடிச்ச கொழாய்ங்க அது, சும்மா கெடந்துச்சு. தோண்டி எடைக்குப் போட்டுட்டோம்" என்றார். சாரிடம் போய்க் கத்தினேன். அவர் சாதுவான மனுஷர், மெதுவாகத்தான் கேட்டார்.

"நீதானேம்மா நாத்தம் தாங்கலை, அந்த இடத்தை இல்லாமப் பண்ணுங்கோன்னு உசிரை எடுத்தே?"

அன்றைக்கே கொத்தனாரை மறுபடி வரவழைத்தேன்.

புதிதாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்க மூன்று நாள் ஆனது. நான் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டேன். ஒயரை மாற்றி, ஓட்டையை அடைத்து, காலையும் மாலையும் பல்பு போட்டுப் பார்த்தேன். சார் வேறு ஆள் பார்க்கலாம் என்றார். அவள் வரும்வரை நானே துடைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். திங்கட்கிழமைதான், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையில் கட்டு இருந்தது. தரையைக் கழுவிவிட்டு, பெட்டிக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"இப்ப கடிக்காதுங்களா?"

"கடிக்காது. சரிபண்ணியாச்சு. நான் தொடுறேன் பாரு" என்று கையை நீட்டிக்கொண்டு போனேன்.

"செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்க டீச்சர்."

கழற்றினேன். அந்த அறையில் முதல் தடவையாக என் வெறுங்கால் தரையில் பட்டது. சில்லென்று, சொதசொதவென்று இருந்தது. அவள் வாளியிலிருந்து துணியைப் பிழிந்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கையை நனைத்துக்கொண்டு பித்தளைக் கைப்பிடியை இறுகப் பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிடித்தபடியே நின்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். அப்புறம் துணியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாமுங்களே" என்று சொல்லிவிட்டு, இடது கையால் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.